அத்தைக்காக ஏறெடுத்த ஜெபம்

எங்கள் சபையில் அப்போது யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசுவதில்லை. ஜெபம்தான் செய்வார்கள். புறம் பேசுவது பாவம் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறரை நியாயம் தீர்ப்பதைப் பற்றிய வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்து நான் ஒரு டிபன் டப்பா பரிசு வாங்கியிருந்தேன். ஆகவே ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அது ஜெபக் குறிப்பாகத்தான் போகும். "ஒரு குடும்பத்துல சமாதானம் இல்ல, பேரு வேண்டாம்" என்று ஒருவர் தொடங்குவார். பேர் வேண்டாம் என்று சொன்னதுமே கூடியிருந்த எல்லோருக்கும் பேர் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கும். சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தோம். சுற்றிலும் விசைத்தறிப் பட்டறைகள். அப்பா அவற்றில் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அம்மா உரத்த குரலில் ஜெபிப்பாள். உருக்கமாகவும் ஜெபிப்பாள். அம்மா ஜெபித்தால் அழாத பெண்கள் கிடையாது. கூட்டத்துக்குப் பாய் விரிப்பதும், முடிந்த பிறகு டீயும் மிக்சரும் கொண்டுவந்து வைப்பதும் என் வேலை.

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். மாமா சவூதியில் டிரைவர். கடைசியாக லீவில் வந்துவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அத்தைக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறை சபைக்கே தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் உண்டு. அத்தை தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள் என்று அப்பாவுக்குப் பெருமை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது மருந்து வாசனையும் தலையிலிருக்கும் மல்லிகை வாசனையும் சேர்ந்து வரும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், மழை தொடங்கும் சமயத்தில், அத்தைக்குச் சாப்பாடு தங்காமல் போயிற்று. சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுவாள். கேஸ் ட்ரபிள் என்று சொல்லி, கடையிலிருந்தே ஏதோ மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வாள். நாளாக ஆக அவள் முகம் வற்றியது, வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை முன்பக்கம் அகலமாக விரித்துப் போடத் தொடங்கினாள். அம்மா டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். "அடுத்த வாரம் போவோம் மதினி" என்றே அத்தை சொல்லிவந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா வழக்கம்போல் முழங்காலிட்டு ஜெபித்தாள். ஊழியங்களுக்காக, மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக எல்லாம் ஜெபித்துவந்தவளுக்குத் திடீரென்று குரல் உடைந்தது. "ஆண்டவரே, எங்க வீட்டுல ஒரு பிள்ள சாப்பிட்டது எதுவும் தங்காம தவிக்கா. வயிறு ஒரு மாதிரியா இருக்கு. என்னன்னு கேட்டா வெளிய சொல்லவும் மாட்டேங்கா. நீரே அவளத் தொடும்" என்று சொல்லி அழுதாள்.

எனக்கு ஜெபம் முடியும்வரை கண்ணை மூடியிருக்க வராது. பாதியில் திறந்து பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். அடுத்த தெருவில் இருந்த பேங்க்கார அக்கா, அவர் கணவர் பேங்கில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர், அவரும் கண்ணைத் திறந்திருந்தார். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த, சபையில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் அக்காவும் கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாடிப்படியைப் பார்த்தார்கள். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்யும் தப்பு அல்ல என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா முடித்ததும் அவர்கள் இருவரும் மற்றவர்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

இரண்டொரு வாரம் போயிருக்கும். ஞாயிறு பள்ளியில் பேங்க்கார அக்காவின் மகள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "ஏட்டி, ஒங்க அத்தைக்குப் பாப்பா பொறக்கப் போவுதாம்லா? எங்கம்மா போன்ல சொல்லிட்டிருந்தா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை செவ்வாய்க்கிழமை ஜெபித்திருப்பார்கள்! வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கறியை அலசிக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன். அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"யாருட்டி சொன்னா?"

சொன்னேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து என் சந்தோஷம் பயமாக மாறியது.

"நீ வெளிய யார்ட்டயும் வாயத் தொறக்கப்படாது. அத்தைட்ட கேட்டுராத, என்ன?" என்றாள். ஈரக் கையாலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எனக்கு விளங்கவே இல்லை. ஒரு சபையே கேட்டுக் கேட்டு ஜெபித்த காரியம் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை? மாமா ஊரில் இல்லாததற்கும் பாப்பா பிறப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்பதை அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாப்பா ஜெபத்தால் வருவது என்றே நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே தாழ்ந்த குரலில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால் பேச்சு நிற்கும். அம்மாவின் போனில் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் அவள் திடுக்கிட்டுப் பார்ப்பாள். "நம் சபையில் ஒரு சகோதரியின் பரிசுத்தத்துக்காகவும் சாட்சியுள்ள ஜீவியத்துக்காகவும் ஜெபிக்கவும்" என்று யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். பேர் இல்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்து அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மெடிக்கலுக்குக் காய்ச்சல் இல்லாதவர்களெல்லாம் காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தார்கள். வந்தவர்கள் மருந்துத் தட்டைப் பார்க்காமல் கவுண்டருக்கு மேலாக எட்டி அத்தையைப் பார்த்தார்கள். கடை முதலாளி வயதானவர். மழை நாளில் ஒன்றிரண்டு முறை ஸ்கூட்டரில் அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். எங்கள் வாசலில் நின்று காபிகூடக் குடித்ததில்லை. அந்த ஸ்கூட்டரும் பேச்சில் சேர்ந்துகொண்டது. முதலாளியின் மனைவி திடீரென்று கடைக்கு வந்து கல்லாவில் உட்காரத் தொடங்கினார். அடுத்த வாரம் அத்தையைக் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

மாமாவுக்கும் யாரோ செய்தி அனுப்பியிருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அத்தை வழக்கமாக மாடிப்படியில் உட்கார்ந்து மாமாவோடு போனில் பேசுவாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் மாமாவுக்கு டாட்டா காட்டக் காத்திருப்பேன். அன்று அத்தையின் குரல் மாறியது.

"என்ன கேக்கிய? எத்தன மாசமா? ஒங்களுக்கு யாரு இதச் சொன்னா?"

அவ்வளவுதான் பேசினாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு டாட்டா காட்டும் முறை வரவில்லை. அதன் பிறகு மாமாவிடமிருந்து போன் வருவது நின்றது. பின்னால் அவர் லீவில் வந்ததும், அத்தையின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுததும், அத்தை அவரோடு மறுபடி சேர்ந்து வாழத் தொடங்கியதும் எல்லாம் நடந்தன. ஆனாலும் மாமாவிடமிருந்து போன் வந்தால் அத்தை இப்போதும் உடனே எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் அடிக்க விட்டுத்தான் எடுப்பாள்.

எதிர்வீட்டு அக்கா ஒருத்திக்குத்தான் இந்தப் பேச்சு எதுவும் எட்டவில்லை, அல்லது எட்டியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தைக்கு வயிற்று வலி என்று கேள்விப்பட்டுக் கோமதி அம்மன் கோயிலிலிருந்து காகிதத்தில் புற்றுமண் மடித்துக் கொண்டுவந்தாள். "நீங்க வேதக்காரங்க, பூசுவியளோ மாட்டியளோ, எனக்கு மனசு கேக்கல" என்று தயங்கிக்கொண்டே நீட்டினாள். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, அத்தை படியிறங்கி வந்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அந்த மாதத்தில் அவளைத் தேடி வந்து எதையாவது கொடுத்தது அந்த அக்கா மட்டும்தான். அதுவும் எப்படியோ சபைக்குத் தெரிந்து, தனி ஜெபக் குறிப்பாயிற்று.

அம்மா விடாமல் டாக்டரிடம் கூப்பிட்டாள். அத்தை ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"எந்த டாக்டர்ட்ட போவணும் மதினி? பொம்பள டாக்டர்ட்டதான? அங்கன நான் போயி உக்காந்தா போதும், அவங்க சொன்னது சரின்னு ஆயிரும்."

அன்று சாயங்காலம் அம்மா மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். அத்தை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிரு. நான் ஒங்க அண்ணன்ட்டகூட சொல்ல மாட்டேன்" என்றாள்.

அத்தை கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்து மடித்தாள். அம்மா எழுந்து வெளியே வந்ததும் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அந்த வாரக் கடைசியில் போதகர் வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து வருகிறது. இந்த ஒருமுறை தங்கச்சி அதற்கு முன்வர வேண்டாம், பேச்சு கொஞ்சம் அடங்கட்டும் என்றார். தான் எதையும் நம்பவில்லை என்றும், சபையின் சமாதானத்துக்காகத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார். அப்பா தறிச் சத்தத்தில் பழகியவர். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அன்று அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவே இல்லை. மாடிப்படியில் அத்தை நின்றுகொண்டிருந்ததைப் பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

"கோயிலுக்கு வரலாம்லா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரலாம்மா. அதெப்படி வராம இருக்கச் சொல்லுவேன்" என்றார் போதகர். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து எங்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்து நேரம் வந்ததும் பெரியவர்கள் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். திருவிருந்து எடுக்க இன்னும் திடப்படுத்தல் பெறாத எங்களைப் போன்ற பிள்ளைகள் பெஞ்சிலேயே இருக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு எப்போதும் பிடிக்காது, எல்லோரும் போய்விட்ட பெரிய பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அன்று பெரியவர்களில் அத்தை மட்டும் என்னோடு இருந்தாள். எனக்குத் துணை கிடைத்ததில் ஒரு சந்தோஷம். எங்களைத் தாண்டிப் போனவர்கள் எங்கள் மேல் படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் அத்தையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. பிடி இறுகிக்கொண்டே வந்து என் வளையல் மணிக்கட்டில் அழுந்தியது. "வலிக்கு அத்த" என்றேன். "ஒண்ணுமில்ல மக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள். அவள் சொன்னது என் வலியைப் பற்றி என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அத்தையும் எழுந்தாள். பாட்டின் முதல் வரி முடிவதற்குள் பெஞ்சுகளுக்கு இடையில் சரிந்து விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றது. அதன் பிறகு ஒரு நிமிஷம் யாரும் கிட்டே வரவில்லை. நான் அவள் தலையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கலைஞ்சிருக்கும்" என்றது.

அத்தையின் கொண்டை கலைந்துதான் இருந்தது. அவள் சாகக் கிடக்கும்போது கொண்டையைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா ஆட்டோ பிடித்துவந்தார். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் போவதை நான் எதிர்வீட்டு அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் போன் வந்தால் அத்தை செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, போன் அடித்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை சாகவில்லை. சினைப்பையில் வளர்ந்திருந்த கட்டி முறுக்கிக்கொண்டுவிட்டதாம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். கட்டி பக்கத்தில் எல்லாம் ஒட்டியிருந்ததால் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பெரிதாகும்வரை எப்படி விட்டீர்கள் என்று டாக்டர் திட்டினார் என்று அப்பா எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அத்தை படுத்திருந்தாள். அம்மா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"நான் போனேன் மதினி" என்று அத்தை திடீரென்று சொன்னாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குற ஸ்கேன் சென்டருக்கு நான் போனேன். வாசல்ல செருப்பக் கழட்டிட்டேன். உள்ள பாத்தா டீச்சரும் அவங்க மகளும் உக்காந்திருந்தாங்க. திரும்பச் செருப்பப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"எப்பம்?"

"நீங்க வந்து உண்மையச் சொல்லுன்னு கேட்டியள்லா. அதுக்கு மறுநாளு."

அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அந்தப் பேச்சு எங்க இருந்து கெளம்புச்சுன்னு தெரியுமா? எங்கிட்ட இருந்துதான். ஜெபத்துல நாந்தான் ஒன் வயித்தப் பத்திச் சொன்னேன்" என்றாள்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தையல் வலிக்காமல், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தை அம்மாவோடு பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். அம்மா துடைத்துவிடுவாள், தலை வாரிவிடுவாள், கஞ்சி கொடுப்பாள். அத்தை எல்லாவற்றையும் மறுக்காமல் வாங்கிக்கொள்வாள். ஒரு வார்த்தை வராது. வேண்டியது எதுவென்றாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தண்ணீரும் மாத்திரையுமாக நடந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டில் இனிமேல் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அம்மா சரியாகத் தூங்குவதில்லை. நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

சபைப் பெண்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு பார்க்க வந்தார்கள். பேங்க்கார அக்கா அத்தையின் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்துவிட்டுப் போனார். என்னென்னவோ பேசியதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் பேசப்படவே இல்லை என்பதுபோல் இருந்தது. அம்மா செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. பேங்க்கார அக்கா எழுந்து, நாமெல்லோரும் விடாமல் ஜெபித்ததால் ஆண்டவர் ஒரு தங்கச்சியின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்று ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்தார். சிலர் அல்லேலூயா என்றார்கள். அப்போது அம்மா எழுந்தாள்.

அவள் ஜெபிக்கும் குரல் இல்லை அது. கடையில் சாமான் கேட்பதுபோல் சாதாரணமாகப் பேசினாள்.

"நான் சாட்சி சொல்ல எந்திரிக்கல. என் நாத்தனாரப் பத்தி நீங்க கேட்ட பேச்சு மொதல்ல என் வாயில இருந்துதான் வந்துச்சு. ஜெபம்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஆனா எல்லாரும் கேக்கணும்னும் சொன்னேன். அவ வயித்துல இருந்தது கட்டி. ஊரே பேசினப்ப நானும் அவளச் சந்தேகப்பட்டுக் கேட்டேன். அதுக்குப் பயந்துதான் அவ ஸ்கேன் எடுக்கப் போன எடத்துல இருந்து திரும்பி வந்தா. இனிமே அவளுக்குப் பிள்ள பொறக்காது. நீங்க யார் யார்ட்ட சொன்னியளோ எனக்குத் தெரியாது. அவங்கட்ட திரும்பப் போயி, நம்ம சொன்னது பொய்னு சொல்லிருங்க. நானும் போயிச் சொல்லுவேன்."

உட்கார்ந்துவிட்டாள். எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. போதகர் பாட்டு நம்பரை மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்தினார். ஆண்கள் பக்கத்திலிருந்த அப்பாவைத் தேடினேன். அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க்கார அக்காவின் மகள் திரும்பி என்னையே பார்த்தாள். எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தையைப் பற்றிப் பேசியது போதாதென்று இவளும் ஏன் எழுந்து தன்னைப் பற்றியே சொல்ல வேண்டும்? யாரும் அவளைக் கேட்கவில்லையே!

அம்மா பேசியதால் எல்லோரும் மனம் மாறினார்கள் என்று சொல்ல முடியாது. டீச்சர் மட்டும் மறுநாளே மெடிக்கல் முதலாளியின் மனைவியைப் போய்ப் பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். அத்தைக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பேங்க்கார அக்கா வீட்டுக்கு மாறியது. அம்மா பெருமை பிடித்தவள், சபையின் நடுவில் மற்றவர்களைக் குற்றப்படுத்திவிட்டாள் என்று ஒரு சாரார் பேசிக்கொண்டார்கள். சில வீடுகளுக்கு அம்மா தானே நடந்து போனாள். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் யாருக்கும் காத்திராமல் வீட்டுக்கு ஓடினேன். அத்தை கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எல்லோர் முன்னாலும் எங்களை அசிங்கப்படுத்திவிட்டாள் என்றும் சொன்னேன்.

"கட்டின்னு சொன்னாங்களா?" என்று அத்தை கேட்டாள்.

"ஆமா."

"சந்தேகப்பட்டதையும் சொன்னாங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டா. அழக்கூட இல்ல."

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னோடு சேர்ந்து அம்மாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அம்மா வந்தாள். சேலைகூட மாற்றாமல் சோறு வடித்தாள். அத்தைக்குக் கொடுத்தாள், எங்களுக்குப் பரிமாறினாள், தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பிறகு அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில், முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னப் பிள்ளை போல் தூங்கினாள்.

எனக்குத் தாங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் எப்படித் தலைகாட்டுவேன்? எங்களை இந்தப் பாடு படுத்திவிட்டு இவளுக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருகிறது? அவள் எழுந்திருக்கட்டும் என்றே சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக டமாரென்று அடுக்கினேன்.

அத்தை உதட்டில் விரலை வைத்து என்னை அதட்டினாள்.

"சத்தம் போடாத மக்கா. மதினி தூங்குதாங்க."

அவள் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, தன் பக்கம் சுழன்றுகொண்டிருந்த டேபிள் ஃபேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைப் பக்கம் திருப்பி வைத்தாள். நெற்றியில் வேர்வை துளிர்க்க மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாள் முகம்கொடுத்துப் பேசாதவள் இப்போது தன் காற்றைக் கொடுக்கிறாள். ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றவள் அந்தக் காற்றில் அசையாமல் தூங்குகிறாள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.